ஃபஸ்ஸி கட் டெம்ப்ளேட் செட்டும் மடக்குக் கண்ணாடியும்: குவில்ட் தைக்கறவங்களுக்கு ஒரு முழு ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், இந்த செட்ல வர்ற மடக்குக் கண்ணாடி (புக் மாதிரி திறக்கற ரெண்டு முகம் பார்க்கற கண்ணாடி), அறுகோண டெம்ப்ளேட், 60 டிகிரி டைமண்ட் இந்த மூணுக்காகவும் தாராளமா வாங்கலாம். 45 டிகிரி டைமண்ட் எட்டு முனை நட்சத்திரம் தைக்கறவங்களுக்கு மட்டும் உதவும், சதுரம் தேவையே இல்ல, கூடவே குடுக்கற வழுக்காத ஸ்டிக்கரை தொடவே வேணாம். இதே மாதிரி செட்டை நிறைய கம்பெனி கிட்டத்தட்ட ஒரே அமைப்புல போடறாங்க, அதனால எதைப் பார்த்து வாங்கணும், எது நல்லா வேலை செய்யுது, எங்க இடிக்குதுன்னு விவரமாவே எழுதறேன், உங்க கையில வர்ற செட் எதுவா இருந்தாலும் பொருந்தும்.

புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு வரி. துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கற விரிப்புதான் குவில்ட். துணியில இருக்கற ஒரு பூவையோ பறவையையோ இலைக்கொத்தையோ தேடிப்பிடிச்சு, தைச்சு முடிச்சப்புறம் அது துண்டோட நடுவுல சரியா உக்கார்ற மாதிரி அளந்து வெட்டறதுதான் ஃபஸ்ஸி கட். வழக்கமா துணியை பட்டை பட்டையா வெட்டி அதுல இருந்து துண்டு எடுப்போம், பூ எங்க வந்தா என்ன, பாதி வந்தாலும் பரவாயில்லன்னு போயிடுவோம், இதுல அப்படி இல்ல, ஒவ்வொரு துண்டுக்கும் டெம்ப்ளேட்டை துணி மேல வச்சு நகர்த்தி நகர்த்தி இடம் பார்த்து வெட்டணும். நேரம் எடுக்கும், துணி எடுக்கும், ஆனா ஆறு அறுகோணத்துலயும் ஒரே ரோஜா ஒரே பக்கம் திரும்பி நிக்கறதைப் பார்க்கறப்ப வர்ற சந்தோஷம் வேற எந்த விதமா வெட்டினாலும் கிடைக்காது, இதை நான் ரொம்ப உறுதியாவே சொல்லுவேன்.

இப்ப டெம்ப்ளேட்டுக்கு வரேன், அதாவது துணி மேல வச்சு ஓரத்தை ஒட்டி வெட்டற அக்ரிலிக் அளவுத் தகடு. இதுல மெயினான விஷயம் என்னன்னா துணி மேல நாம பார்க்கறது வேற, தைச்சப்புறம் மிஞ்சறது வேற. சுத்தி கால் இஞ்ச் தையலுக்குள்ள போயிடும். 1 இஞ்ச் அறுகோணம்னு சொல்றது ஒரு பக்கத்தோட நீளத்தை வச்சு, அதாவது தைச்சு முடிச்சா முனைக்கு முனை 2 இஞ்ச், எதிரெதிர் பக்கத்துக்கு நடுவுல 1.73 இஞ்ச். ஆனா வெட்டற துண்டு பக்கத்துக்குப் பக்கம் 2.23 இஞ்ச் இருக்கும், முனைக்கு முனை இரண்டரை இஞ்சை தாண்டிடும். வெறும் அட்டையில பெரிய அளவை மட்டும் வெட்டி வச்சுக்கிட்டு அதுல பூ அழகா அடங்குதுன்னு நினைச்சு வெட்டினா, தைச்சப்புறம் இதழ் நுனியெல்லாம் தையலுக்குள்ள போயிடும். அதனாலதான் தைச்சு முடிஞ்சப்புறம் வர்ற அளவு உள்பக்கம் ஒரு கோடாவும் வெட்டற அளவு வெளி ஓரமாவும் ஒண்ணா தெரியற டெம்ப்ளேட் இந்த வேலைக்கு அவசியமா இருக்கு. பூவோட குறுக்களவு 1.73க்குள்ள இருந்தாத்தான் அந்த அறுகோணத்துல முழுசா உக்காரும், சுத்தி கொஞ்சம் பின்னணி தெரிஞ்சாதான் பார்வைக்கு நிம்மதியா இருக்கும், அதனால ஒன்றரை இஞ்ச் பூவையே நான் தேடறது.

அந்த உள் கோடு எப்படி இருக்குங்கறதுலதான் நல்ல செட்டும் சுமாரான செட்டும் பிரியுது. கோடு மெல்லிசா இருக்கணும், முடி கனத்துக்கு. தடிமனா 1 மி.மீ. கோடு போட்டிருந்தா அதுல எந்த ஓரம் அளவுன்னே புரியாது, ஒரு துண்டுல அது பெரிசாத் தெரியாது, ஆனா ஆறு துண்டு ஒரு வட்டமா சேர்றப்ப ஒண்ணுல காம்பு தையலைத் தொடும் இன்னொண்ணுல தொடாது, கண்ணு அங்கயே போய் நிக்கும். அடுத்தது, கோடு அக்ரிலிக்கோட அடிப்பக்கம் இருக்கணும், துணியைத் தொடற பக்கம். இதை யாரும் கவனிக்கறதே இல்ல. 3 மி.மீ. கனமான அக்ரிலிக்ல கோடு மேல்பக்கம் இருந்து, நீங்க சேர்ல உக்காந்து 45 டிகிரி சாய்வா பார்த்தீங்கன்னா, கோடு இருக்கற இடத்துல இருந்து துணி சுமார் ஒன்றரை மி.மீ. தள்ளித் தெரியும். நேர் மேல இருந்து குனிஞ்சு ஒரு கண்ணை மூடிப் பார்த்தா சரியா வரும், ஆனா ஒவ்வொரு தடவையும் அப்படிக் குனிஞ்சுட்டே இருந்தா கழுத்து என்னத்துக்கு ஆகறது. நான் வச்சிருக்கற செட்ல அறுகோணத்துக்கும் ரெண்டு டைமண்டுக்கும் கோடு அடியில இருக்கு, சதுரத்துக்கு மட்டும் ஏனோ மேல இருக்கு.

கோட்டோட நிறமும் பாருங்க. கருப்புக் கோடு மட்டும் இருந்தா கரும்நீலம், மெரூன், பச்சை இந்த மாதிரி அடர் நிறத் துணியில அப்படியே காணாம போயிடும், பக்கத்துல வெள்ளையோ மஞ்சளோ இன்னொரு கோடு சேர்ந்து ரெட்டைக் கோடா இருந்தா எல்லாத் துணிக்கும் ஆகும். சில செட்ல டெம்ப்ளேட் முழுசையுமே ஆரஞ்சு இல்ல பச்சை சாயல்ல பண்ணியிருப்பாங்க, மேஜையில தொலையாம இருக்கும்ங்கறது உண்மைதான், ஆனா அது வழியா பார்த்தா துணியோட நிறமே மாறித் தெரியுது, ரோஸ் நிறப் பூவுக்கும் பீச் நிறப் பூவுக்கும் வித்தியாசம் புரியாது. சாயம் இல்லாத தெளிவான அக்ரிலிக்தான் இதுக்கு சரி.

இன்னொரு வகை இருக்கு, நடுவுல முழுசா காலியா வெட்டி எடுத்து வெறும் சட்டம் மாதிரி இருக்கும், கால் இஞ்ச் அகலத்துக்கு ஓரம் மட்டும், ஜன்னல் டெம்ப்ளேட்னு சொல்லுவாங்க. இதுல பார்வை தள்ளித் தெரியற பிரச்சினை ரொம்பக் குறைச்சல், ஏன்னா நடுவுல அக்ரிலிக்கே இல்ல, துணியை நேரா பார்க்கறீங்க, கையாலயும் தொட்டு சுருக்கம் எடுக்கலாம், உள் ஓரத்துல பென்சிலால தையல் கோடும் வரைஞ்சுக்கலாம். கையால தைக்கறவங்களுக்கு அது பெரிய வசதி. ஆனா அந்த மெல்லிய சட்டம் மூலையில சீக்கிரம் ஒடியும், கீழ விழுந்தா போச்சு, ரோட்டரி கட்டரை (உருளற வட்ட பிளேடு வச்ச கட்டர்) அழுத்தி ஓட்டறப்ப லேசா வளையவும் செய்யும். கத்தரியால வெட்டறவங்க ஜன்னல் வகையை எடுங்க, ரோட்டரி கட்டர்ல வெட்டறவங்க முழுத் தகடை எடுங்க, இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல.

கனம் பத்தி ரெண்டு வார்த்தை. 3 மி.மீ. இருந்தா கட்டர் சக்கரம் ஓரத்தை ஒட்டியே ஓடும், ஒன்றரை மி.மீ.னா பிளேடு ஏறி மேல வந்துடும், விரலுக்கு ஆபத்து. கட்டர் சைஸும் முக்கியம். பெரும்பாலானவங்க கையில 45 மி.மீ. கட்டர்தான் இருக்கும், பட்டை வெட்ட அது அருமை, ஆனா ஃபஸ்ஸி கட்ல துணியோட நட்டநடுவுல வெட்டறோம், 45 சக்கரம் மூலையைத் தாண்டி கொஞ்சம் ஓடினாலும் பக்கத்துல இருக்கற அடுத்த பூவோட இதழ்ல கீறல் விழுந்துடும். 28 மி.மீ. கட்டர் வச்சுக்கோங்க, ரொம்பக் குட்டித் துண்டுக்கு 18 கூட இருக்கு. இல்லன்னா முதல்ல பூவைச் சுத்தி கத்தரியால தாராளமா ஓரம் விட்டு சதுரமா வெட்டி எடுத்துட்டு, அந்தத் துண்டை சுழலும் மேட் மேல வச்சு டெம்ப்ளேட்டை எடுக்காமலேயே மேட்டைத் திருப்பித் திருப்பி ஆறு பக்கமும் வெட்டலாம். இதுதான் எனக்குப் பிடிச்ச முறை. துணி முழுசும் மேஜையில இழுபடாது, டெம்ப்ளேட்டும் நகராது.

ஒரே மாதிரி ஆறு துண்டு வேணும்னா டெம்ப்ளேட்டை முதல் பூ மேல சரியா வச்சதும் அக்ரிலிக் மேலயே முக்கியமான ரெண்டு மூணு இடத்தைக் குறிச்சுக்கணும், இதழோட நுனி, காம்பு வளையற இடம், இலையோட முனை இந்த மாதிரி, ரொம்ப நிறைய குறிக்க வேணாம். அடுத்த பூ மேல வைக்கறப்ப அந்தக் குறி எல்லாம் ஒத்துப்போச்சுன்னா வெட்டிடலாம். கம்பெனிக்காரங்க கூட வச்சிருக்கற ஒயிட்போர்டு மார்க்கர் கை பட்டாலே அழியுது, மூணாவது துண்டுக்குள்ள குறி பாதி காணாம போயிடும். அதுக்கு பதிலா தண்ணியில மட்டும் அழியற ஓஎச்பி பேனா (பிளாஸ்டிக் ஷீட்ல எழுதற பேனா), இல்ல மெழுகுப் பென்சில் நல்லா நிக்குது. பர்மனென்ட் மார்க்கர்ல எழுதிட்டு அப்புறம் சானிட்டைசரோ ஸ்பிரிட்டோ போட்டுத் துடைக்கறதா சிலர் சொல்றாங்க, தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க, ஆல்கஹால் பட்டா அக்ரிலிக்ல முடி மாதிரி மெல்லிசா விரிசல் விழும், முக்கியமா வெட்டின ஓரத்துலயும் மூலையிலயும், அப்புறம் அது வழியா துணி தெளிவா தெரியாது. சோப்புத் தண்ணியும் மெத்துன்னு ஒரு துணியும் போதும்.

குறி போடறதை விட நுணுக்கமா வர்ற ஒரு முறையும் இருக்கு. முதல்ல வெட்டின துண்டையே எடுத்து அடுத்த பூ மேல வச்சு நகர்த்தணும், பிரிண்ட் எல்லாப் பக்கமும் சரியா ஒத்துப்போற அந்த நொடியில துண்டு துணியோட கலந்து கண்ணுக்கே தெரியாமப் போயிடும், அப்ப அது மேல டெம்ப்ளேட்டை வச்சு வெட்டினா கிட்டத்தட்ட துல்லியமா அதே துண்டு கிடைக்கும். எப்பவும் முதல் துண்டையே மாதிரியா வச்சுக்கணும், ரெண்டாவதை வச்சு மூணாவது, மூணாவதை வச்சு நாலாவதுன்னு போனா கொஞ்சம் கொஞ்சமா வித்தியாசம் கூடிட்டே போகும். துணியை ஆறு அடுக்கா பிரிண்ட் பொருத்தி ஊசி குத்தி ஒரே தடவையில வெட்டற முறையும் இருக்கு, வேகம்தான், ஆனா துணி மில்லுல இழுத்து முடிக்கறப்ப பிரிண்ட் அங்கங்க லேசா சாயறதுண்டு, ஒரு இடத்துல ஒத்துப்போனா இன்னொரு இடத்துல விலகி நிக்கும். வட்டமா கலர் சுழல்ற மாதிரி மொத்த எஃபெக்ட் போதும்னா அடுக்கி வெட்டுங்க, பறவையோட கண்ணு கண்ணா இருக்கணும்னா ஒவ்வொண்ணா வெட்டுங்க.

இப்ப மடக்குக் கண்ணாடி. இந்த செட்லயே இதுதான் எனக்கு உசத்தி. ரெண்டு சின்னக் கண்ணாடியை ஒரு ஓரத்துல கீல் மாதிரி ஒட்டியிருப்பாங்க, புக்கைத் திறக்கற மாதிரி திறந்து துணி மேல நிறுத்தணும். 60 டிகிரிக்குத் திறந்தா ஆறு பிம்பம், 45 டிகிரிக்குத் திறந்தா எட்டு, கணக்கு சுலபம், 360-ஐ எத்தனை துண்டோ அதால வகுத்தா கோணம் வந்துடும். துணி மேல மெதுவா நகர்த்திட்டே போனா ஒவ்வொரு இடத்துலயும் ஒரு புது நட்சத்திரம் பிறக்கும். சாதாரணமா நாம பூவைத்தான் தேடுவோம், கண்ணாடி வச்சுப் பார்த்தா பூவுக்கும் பூவுக்கும் நடுவுல இருக்கற வெறும் கொடியும் இலையும் எப்பேர்ப்பட்ட டிசைனா மாறுதுன்னு தெரியும். எனக்குப் பிடிச்ச சில நட்சத்திரங்கள் எல்லாமே பூ இல்லாத இடத்துல இருந்து வெட்டினதுதான். துணி வாங்கறப்பவே ஒரு கண்ணாடி கூட இருந்தா எந்த பிரிண்ட் இதுக்கு ஆகும் எது ஆகாதுன்னு அங்கயே தெரிஞ்சுடும், பார்க்க சாதாரணமா இருக்கற பெயிஸ்லி (மாங்காய்) பிரிண்ட் கண்ணாடிக்குள்ள பிரமாதமா மாறும், பார்க்க ஜோரா இருக்கற பெரிய பூ பிரிண்ட் உள்ள வெறும் கலர் திட்டா நிக்கும்.

ஆனா ஒண்ணு இருக்கு, இதை செட்டோட வர்ற தாள்ல ஒரு வரி கூட எழுதலங்கறதுதான் என்னோட பெரிய குறை. கண்ணாடி காட்டறது பிம்பம், அதாவது இடம் வலமா மாறினது. 60 டிகிரியில தெரியற ஆறுல மூணு நேரான துண்டு, மூணு திருப்பிப் போட்ட துண்டு, ஒண்ணு விட்டு ஒண்ணு. அதனால கண்ணாடிக்குள்ள ஒவ்வொரு சேர்க்கையிலயும் கோடு முறியாம தொடர்ந்து போற மாதிரித் தெரியும். நீங்க துணியில இருந்து ஆறு ஒரே மாதிரி துண்டு வெட்டினா ஆறுமே நேரான துண்டு, அதைச் சுத்தி வச்சா ஒரு துண்டோட வலது ஓரம் அடுத்த துண்டோட இடது ஓரத்தோட சேரும், அங்க கொடி வந்து தையல்ல முட்டி நிக்கலாம், கண்ணாடியில பார்த்த மாதிரி ஓடாது. கண்ணாடியில பார்த்தது அப்படியே கிடைக்கணும்னா துண்டுக்குள்ள வர்ற டிசைன் நடுக்கோட்டுக்கு இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கணும், நேரா நிக்கற துலிப், முன்பக்கம் பார்க்கற ஆந்தை, விரிஞ்ச பட்டாம்பூச்சி, ரெண்டு பக்கமும் சமமா பிரியற கொடி இந்த மாதிரி. சில பிரிண்ட்ல ஒரே பூவை இடம் பார்த்தும் வலம் பார்த்தும் ஜோடியா போட்டிருப்பாங்க, அது கிடைச்சா விடாதீங்க, மூணு இடது மூணு வலதுன்னு வெட்டினா கண்ணாடியில பார்த்தது அப்படியே துணியில வந்துடும். பாட்டிக் மாதிரி சாயம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்கின துணியா இருந்தா இன்னும் சுலபம், மூணு துண்டைப் புரட்டிப் போட்டுக்கலாம்.

சமச்சீர் இல்லாத டிசைன் கெட்டதுன்னு சொல்லல. பக்கவாட்டுல பறக்கற பறவையை ஆறு தடவை சுத்தி வச்சா எல்லாம் ஒரே திசையில சுழல்ற மாதிரி ஒரு அசைவு வரும், அது ரொம்ப அழகு, ஆனா அதைக் கண்ணாடியில பார்க்க முடியாது, கண்ணாடியில பறவை எல்லாம் ஜோடி ஜோடியா முகத்துக்கு முகம் பார்த்துட்டு நிக்கும். அதுக்கு போன்ல அந்த இடத்தை ஒரு போட்டோ எடுத்து, டைமண்ட் அளவுக்கு கட் பண்ணி, 60 60 டிகிரியா சுழற்றி ஆறையும் ஒண்ணா வச்சுப் பார்த்தா உண்மையா தைச்சப்புறம் எப்படி வரும்னு தெரிஞ்சுடும். இடம் தேட கண்ணாடி, தேடின இடம் தேறுமான்னு உறுதி பண்ண போன், ரெண்டும் சேர்ந்தாதான் வேலை முடியும்.

கண்ணாடியோட தரத்துல பார்க்க வேண்டியது ரெண்டு விஷயம். ஒண்ணு, கீல் இருக்கற இடத்துல ரெண்டு கண்ணாடியும் இடைவெளி இல்லாம ஒட்டி நிக்கணும், நடுவுல இடைவெளி இருந்தா நட்சத்திரத்தோட மையத்துல கருப்பா ஒரு கோடு விழும், மையம்தான் நமக்கு முக்கியமே. கனமான கண்ணாடியில இது அதிகமா வரும். ரெண்டு, அக்ரிலிக் கண்ணாடியா இருந்தா லேசா வளைஞ்சிருக்கான்னு பாருங்க, வளைஞ்சா பிம்பம் நெளியும். அது மேல ஒட்டியிருக்கற பாதுகாப்பு ஃபிலிமை உரிக்க மறக்காதீங்க, அது ரொம்பத் தெளிவா இருக்கறதால அங்க இருக்கறதே தெரியாது, மங்கலா காட்டுதேன்னு திருப்பி அனுப்பினவங்களோட ரிவ்யூ எல்லாம் நிறைய படிச்சிருக்கேன்.

துணி எவ்வளவு வேணும்ங்கறது இந்த வேலையில எல்லாரும் தடுக்கி நிக்கற இடம். இதுக்கும் செட்ல எந்த வழிகாட்டியும் இல்ல, அதனால நானே எழுதறேன். பிரிண்ட் எத்தனை இஞ்சுக்கு ஒருதரம் திரும்ப வருதுன்னு அளந்துக்கோங்க, ஒரு பூவோட ஒரு புள்ளியில இருந்து அதே பூ அதே திசையில மறுபடி வர்ற இடம் வரைக்கும். குவில்ட் காட்டன்ல பெரிய பிரிண்டுக்கு 24 இஞ்ச் வரது சகஜம். அந்தப் பூ அதுக்குள்ள ஒரே ஒரு தடவைதான் இருக்குன்னா, ஆறு துண்டுக்கு ஆறு தடவை 24, மொத்தம் 144 இஞ்ச், அதாவது முழுசா 4 கெஜம், ஒரே ஒரு நட்சத்திரத்துக்கு! எட்டு முனைன்னா 192 இஞ்ச், 5 கெஜத்துக்கும் மேல. ஆனா துணியோட அகலத்துலயும் அது திரும்ப வருதான்னு பாருங்க, 44 இஞ்ச் அகலத்துல ரெண்டு தடவை வந்தா துணி பாதியா குறைஞ்சுடும். அதே 6 இஞ்சுக்கு ஒருதரம் ரெண்டு பக்கமும் திரும்பற சின்ன பிரிண்ட்னா ஒரு கெஜத்துலயே நாற்பது பூவுக்கு கிட்ட எண்ணிடலாம். அதனால கெஜக் கணக்குல யோசிக்காதீங்க, பூக் கணக்குல யோசிங்க, துணியை விரிச்சு எண்ணிப் பார்த்துட்டு வாங்குங்க. பக்கத்துல இருக்கற ரெண்டு பூ கால் இஞ்ச் ஓரம் விட்டு வெட்டறப்ப ஒண்ணோட ஓரம் இன்னொண்ணுல ஏறுதான்னும் பாருங்க, ஏறினா ரெண்டுல ஒண்ணுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

வெட்டி முடிச்சா துணி முழுக்க ஓட்டையா கிடக்கும், அதைப் பார்த்து இது வீண் செலவு பிடிச்ச வேலைன்னு சொல்றவங்க நிறைய. எனக்கு அப்படித் தோணல. இந்த வேலையோட வேர் இருக்கறதே துணியை மிச்சம் பிடிக்கறதுலதான். 18-ஆம் நூற்றாண்டுக் கடைசியிலயும் 19-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துலயும் இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் ப்ரோட்ரி பெர்ஸ்னு ஒரு குவில்ட் முறை பரவலா இருந்துச்சு, சிண்ட்ஸ்ங்கற பூப்போட்ட பருத்தித் துணியில இருக்கற பூ, மரம், பறவை எல்லாத்தையும் அதது ஓரத்தை ஒட்டியே வெட்டி எடுத்து வெள்ளைத் துணி மேல பரப்பி வச்சுத் தைப்பாங்க. நல்ல சிண்ட்ஸ் அன்னைக்கு விலை உசந்த சரக்கு, சோழமண்டலக் கரையில கையால வரைஞ்சு சாயம் ஏத்தின துணிக்கு ஐரோப்பாவுல அவ்வளவு மவுசு, அவங்க நாட்டு நெசவாளிகள் பிழைப்பு போகுதுன்னு பிரான்ஸ் 1686-லயும், இங்கிலாந்து 1700-லயும் மறுபடி 1721-லயும் சட்டம் போட்டுத் தடுக்கற அளவுக்கு. இங்கிலாந்துல அந்தத் தடை 1774-லதான் நீங்குச்சு. அப்படி அரிதா கிடைச்ச துணியோட ஒரு சின்னத் துண்டுல இருக்கற பத்து பூவை வச்சு ஒரு பெரிய படுக்கை விரிப்பு முழுக்க நிறைச்சுடலாம்ங்கறதுதான் அதோட சாமர்த்தியம். ஓட்டை விழுந்த துணியை நானும் அப்படித்தான் பார்க்கறேன், நடுவுல மிஞ்சற பின்னணித் துண்டெல்லாம் அரை இஞ்ச் அறுகோணத்துக்கும் முக்கோணத்துக்கும் போதும், அதே துணியோட நிறம்ங்கறதால பூத்துண்டுக்குப் பக்கத்துல வச்சா அவ்வளவு இசைவா இருக்கும்.

டைமண்ட் பத்தி. 60 டிகிரி டைமண்ட் 2 இஞ்ச் அளவுல வருது, அதோட அகலம் 1.73 இஞ்ச், 1 இஞ்ச் அறுகோணத்தோட அகலமும் அதேதான், அதனால ஒரே பூ ரெண்டுக்கும் ஆகும், ரெண்டையும் கலந்து தைக்கறவங்களுக்கு இது நல்ல பொருத்தம். கூர்முனையில காது மாதிரி நீட்டி மிஞ்சற நுனியை அளவா நறுக்கி வச்சிருக்காங்க, மெஷின்ல தைக்கறப்ப ரெண்டு துண்டை ஓரத்துக்கு ஓரம் சேர்க்க அது பெரிய உதவி. 45 டிகிரி டைமண்ட் இன்னும் ஒடுக்கம், பக்கம் 3 இஞ்ச் இருந்தாலும் அகலம் 2.12 இஞ்ச்தான், வட்டப் பூவை விட நீளமா நிக்கற காம்பும் மொட்டும் தான் இதுல எடுபடும். சதுரத்தை விட்டுடலாம், கால் இஞ்ச் கோடு போட்ட எந்த சதுர ரூலரும் இந்த வேலையைப் பண்ணும், நடுவுல குறுக்குக் கோடு இருந்தா இதை விட நல்லாவே பண்ணும்.

வழுக்காம இருக்க குடுத்திருக்கற வட்ட ஸ்டிக்கர் ஏன் வேணாம்னு சொன்னேன்னா, அது புடைச்சுட்டு நிக்குது, டெம்ப்ளேட்டை துணியில இருந்து தூக்கிடுது, கோடு அடியில இருந்து கிடைச்ச பலன் எல்லாம் போயிடும், பார்வை மறுபடி தள்ளும். பதிலா மெல்லிய வழுக்காத ஃபிலிம் தனியா கிடைக்கும், அதை ஓரத்துல மட்டும் ஒட்டிக்கோங்க.

துணிக்குக் கஞ்சி போடறதை விட்டுடாதீங்க. பூ எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கோ அந்தப் பக்கம் டெம்ப்ளேட்டைத் திருப்பறோம், அதனால ஓரம் பாவு இழைக்கு நேரா வராம கிராஸ்ல வரும், கிராஸ் ஓரம் கை பட்டாலே இழுபடும், பூவும் சேர்ந்து கோணும். துணியைத் துவைச்சு, நல்லா கஞ்சி போட்டு, அயர்ன் பண்ணி, அதுக்கப்புறம் வெட்டினா விறைப்பா நிக்கும். பேப்பர் மேல மடிச்சுக் கையால தைக்கறவங்களுக்கு இந்தக் கவலை பாதிதான், பேப்பரே துண்டைப் பிடிச்சு வச்சுக்கும், அதனாலதான் ஃபஸ்ஸி கட் பண்றவங்க பெரும்பாலும் அந்த முறைக்கே போயிடறாங்க. பசை பேனா வச்சு ஒட்டறதா இருந்தா தண்ணியில கரையற வகையா பாருங்க, ஓரத்துல மட்டும் தடவுங்க, பூ பக்கம் வேணாம். மெஷின்ல தைக்கறவங்க பிளாக்கோட (குவில்டுல சேர்ற ஒரு கட்டத்தோட) வெளி ஓரமா வர்ற பக்கமாவது நேர் இழையில இருக்கற மாதிரி பூவைத் தேர்ந்தெடுங்க, முழு குவில்டும் சேர்றப்ப அலை அலையா நெளியாது.

மார்க் போடச் சொன்னா டெம்ப்ளேட்டுக்கு 5-க்கு 4, கண்ணாடிக்கு 5-க்கு 5, கூட வர்ற தாளுக்கு 5-க்கு 1. முழு செட் வேணாம்னு நினைக்கறவங்க கண்ணாடியைத் தனியா வாங்கிட்டு, ஒளி ஊடுருவற டெம்ப்ளேட் பிளாஸ்டிக் ஷீட்டை கத்தரியால வெட்டி வேண்டிய ஷேப்பைப் பண்ணிக்கலாம், கையால கத்தரிச்சு வெட்டறவங்களுக்கு அது தாராளமா போதும், ரோட்டரி கட்டருக்கு மட்டும் ஆகாது, பிளேடு பிளாஸ்டிக்கையே சீவிடும்.

செட் கைக்கு வந்ததும் துணியில வைக்கறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிப் பாருங்க. ஒரு வெள்ளைத் தாள் மேல அறுகோணத்தை வச்சு வெளி ஓரத்தை மெல்லிசான பென்சிலால வரைங்க, உள் கோட்டோட மூலைகளுக்கு நேரா வெளி ஓரத்துலயும் புள்ளி வைங்க, அப்புறம் டெம்ப்ளேட்டை ஒரு பக்கம் திருப்பி அதே கோட்டுக்குள்ள உக்காருதான்னு பாருங்க, இப்படி ஆறு பக்கமும் திருப்புங்க, கடைசியா புரட்டிப் போட்டும் பாருங்க. எல்லாத் திருப்பத்துலயும் ஓரமும் புள்ளியும் ஒத்துப்போகணும். ஓரம் ஒத்துப்போய் புள்ளி மட்டும் விலகுச்சுன்னா உள் கோடு ஒரு பக்கமா தள்ளி அச்சாகியிருக்குன்னு அர்த்தம், அந்த டெம்ப்ளேட்ல எவ்வளவு கவனமா வெட்டினாலும் பூ நடுவுல உக்காராது, அன்னைக்கே மாத்திக் குடுக்கச் சொல்லிடுங்க.